வெள்ள நிவாரணப் பட்டியலில் ஊரில் யார் பெயரும் விடுபடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

தென்பெண்ணைக்கரை (கேள்வி)

வணக்கம். கடலூர் மாவட்டத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது. சுமார் 340 ரேஷன் அட்டைகள். அதில் 45 குடும்பங்கள் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கின்றன. பாதிக்கு மேல் குத்தகைப் பயிர். செங்கல் சூளையில் வேலை செய்யும் வெளியூர்க் குடும்பங்கள் ஒன்பது, அவர்களுக்கு இங்கே அட்டை கிடையாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததும், அதன் பிறகு சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்ததும் எல்லோருக்கும் தெரியும். அப்போது அட்டைக்கு 2,000 ரூபாய் வந்துவிட்டது. ஆனால் குடிசை, மாடு, பயிர் சேதத்துக்கான பட்டியலில் பலர் பெயர் இல்லை. அடுத்த மழைக்கு முன் ஒழுங்காகத் தயாராக வேண்டும் என்று ஊர் இளைஞர்கள் 14 பேர் சேர்ந்திருக்கிறோம். கையில் 80,000 ரூபாய் இருக்கிறது.

தண்ணீர் வடிந்த முதல் நான்கைந்து நாளில் நாங்கள் எதைச் செய்தால் அதிகம் பேருக்குப் பயன்படும்? பணத்தை எதில் போடலாம்? பட்டாவும் அட்டையும் இல்லாதவர்களுக்கு வழி உண்டா?

ஜமாபந்தி

முதலில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். அட்டைக்கு வரும் ரொக்கம் வேறு, சேதத்துக்கு வரும் நிவாரணம் வேறு.

ரொக்கம் என்பது அந்தந்தப் புயலுக்கு அரசு அறிவிக்கும் தொகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குச் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் 6,000. அதே மாதம் தென்மாவட்ட வெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலியில் அதிகம் பாதித்த பகுதிகளுக்கு 6,000. உங்களுக்கு 2,000. டோக்கன் கொடுத்து ரேஷன் கடை வழியாக வருவதால் அட்டை இருந்தால் பெரும்பாலும் விடுபடாது.

சேத நிவாரணம் அப்படியல்ல. விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) எடுக்கும் கணக்கெடுப்பில் பெயர் ஏறினால்தான் உண்டு. அந்தக் கணக்கெடுப்பு வெள்ளம் வடிந்து சில நாட்களில் முடிந்துவிடும். உங்கள் 14 பேரின் உழைப்பு முழுவதும் இங்கேதான் தேவை. அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கப் பத்து அமைப்புகள் வரும். வீடு வீடாக உட்கார்ந்து சேதத்தை எழுத ஊர்க்காரர்களைத் தவிர யாரும் வரமாட்டார்கள்.

தொகைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாநிலப் பேரிடர் மீட்பு நிதிக்கான 2022-26 விதிகளில் குடிசைக்கு 8,000. சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000. பகுதிச் சேதம் குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும். காரை வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. வீட்டோடு ஒட்டிய மாட்டுக் கொட்டகைக்கு 3,000. கறவை மாடு, எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. வீடு அடித்துப்போனாலோ, இரண்டு நாளுக்கு மேல் வீட்டுக்குள் வெள்ளம் நின்றாலோ, துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. இதற்கு மேல் மாநில அரசு கூட்டித் தரலாம். மிக்ஜாமில் உயிரிழப்புக்கான 4 லட்சத்தை 5 லட்சமாக உயர்த்தியது அப்படித்தான். ஒவ்வொரு முறையும் அரசாணை வந்ததும் அதில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் விடுபடுவதற்கு முதல் காரணம், கணக்கெடுக்க ஆள் வருவதற்குள் சேற்றை வாரி, சுவரைச் சாத்தி, கூரையைப் புதுக் கீற்றால் மூடிவிடுவது. மழையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள், செய்யவும் வேண்டும். அதனால் மூடுவதற்கு முன் படம் எடுங்கள். ஒரு வீட்டுக்கு மூன்று படம் போதும். பக்கத்து வீடோ கோயிலோ மின்கம்பமோ தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று. குடும்பத் தலைவி வாசலில் ரேஷன் அட்டையைப் பிடித்து நிற்க ஒன்று. இடிந்த இடத்தைக் கிட்டத்தில் ஒன்று. தேதி, நேரம், இடக்குறியீடு படத்திலேயே பதியும் செயலியைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, சுவரில் தண்ணீர் நின்ற தடம். பழுப்புக் கோடாக இரண்டு மூன்று நாள் தெளிவாக இருக்கும், வெயில் பட்டால் மங்கிவிடும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை டேப் பிடித்து, அளவு எண் தெரியும்படி படம் எடுங்கள். எத்தனை நாள் நின்றது என்பதையும் எழுதுங்கள். துணி, பாத்திரத்துக்கான தொகை அந்த நாள் கணக்கில்தான் நிற்கிறது.

புறம்போக்குக் கேள்விக்கு வருகிறேன். வீட்டுக்கான தொகை பெற அது அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானமாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. குடிசைக்கு விதியே தனி விளக்கம் தருகிறது: ஓலை, மண், பிளாஸ்டிக் தாள் கொண்டு போட்ட தற்காலிகக் குடில். ஆகவே பட்டா இல்லை என்பதற்காக அந்த 45 குடும்பத்தில் யாரும் ஒதுங்கி நிற்க வேண்டாம். குடியிருப்பதற்கான சான்று கையில் இருக்கட்டும்: அட்டையில் உள்ள முகவரி, வாக்காளர் பட்டியல், மின் கட்டண அட்டை, வீட்டு வரி ரசீது, ஏதாவது ஒன்று.

மாடு செத்தால் உடனே புதைக்கக் கூடாது. கால்நடை உதவி மருத்துவரின் சான்று இல்லாமல் 37,500 வராது. அவர் வரத் தாமதமானால் காதில் இருக்கும் மஞ்சள் பட்டையின் 12 இலக்க எண் தெளிவாகத் தெரியும்படி தலையைக் கிட்டத்தில் படம் எடுத்து, விஏஓவிடம் நேரில் காட்டி எழுத்தில் வாங்கிய பிறகு புதையுங்கள். ஆற்றோடு போன மாட்டுக்குத்தான் சிக்கல் அதிகம். அப்போது தடுப்பூசிப் பதிவும் பால் சங்கத்தில் ஊற்றிய கணக்கும்தான் பேசும். மழைக்கு முன்பே ஊரில் உள்ள எல்லா மாட்டின் பட்டை எண்ணையும் ஒரு நோட்டில் ஏற்றிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை மூன்று, அல்லது ஆடு போன்ற சிறியது முப்பது என்பது வரம்பு.

நஞ்சை

பயிர் பற்றி மட்டும் சொல்கிறேன்.

33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் நிவாரணம். இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஏக்கர் கணக்கில் நெல்லுக்கு ஏறக்குறைய 6,900 ரூபாய் வரும். விதியில் ஒரு விவசாயிக்கு உச்சவரம்பு 2 ஹெக்டேர். கணக்கெடுப்பு விஏஓவும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து செய்வது. ஒருவர் மட்டும் பார்த்துவிட்டுப் போனால் மற்றவர் எப்போது வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருவர் பதிவும் ஒத்துப்போகாத புல எண்தான் பின்னால் தள்ளுபடியாகும்.

உங்கள் ஊரின் உண்மையான பிரச்சினை குத்தகை. அடங்கலில் (விஏஓ வைத்திருக்கும் சாகுபடிக் கணக்கு) யார் பெயர், என்ன பயிர் என்று இருக்கிறதோ அதை வைத்துத்தான் எல்லாம். பசலி, அதாவது வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு, ஜூலை 1 தொடங்குகிறது. போன பசலியின் அடங்கல் நகலை வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்க வயிறு எரிகிறது. நடவு முடிந்த கையோடு, அக்டோபரிலேயே, நடப்புப் பசலிக்கு உங்கள் பெயரில் சாகுபடிச் சான்று வாங்குங்கள். நில உரிமையாளர் வெளியூரில் இருந்தால் அவரிடம் ஒப்புதல் கடிதம் அப்போதே கேளுங்கள். வெள்ளம் வந்து பணம் வரும் என்று தெரிந்த பிறகு கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்ற பங்குதாரர்களின் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

வயலில் தண்ணீரை வடிக்காமல் வைத்திருந்தால்தான் சேதம் தெரியும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. மிஞ்சிய பயிரையும் இழப்பீர்கள். வடியுங்கள். அதற்கு முன் வரப்பில் நின்று நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள், புல எண்ணை ஒரு அட்டையில் எழுதிப் படத்துக்குள் பிடியுங்கள். ஆய்வு முடியும் வரை உழுது மடக்காமல் இருந்தால் போதும்.

பயிர்க் காப்பீடு தனி. நிவாரணம் வாங்கியதால் காப்பீடு கிடைக்காது என்பது இல்லை. சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள், விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ரசீதை வாங்கியதும் கிராமத்தின் பெயரையும் புல எண்ணையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். கணினியில் பக்கத்துக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்து விடுவது நிறைய நடக்கிறது. மகசூல் கணக்கு ஊர் வாரியாக எடுப்பதால், ஊர் பெயர் மாறினால் உங்களுக்கு இழப்பீடே வராமல் போகலாம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண் 14447.

தென்னை இருந்தால் விழுந்த மரத்தை எண்ணி முடிக்கும் முன் வெட்டி அகற்ற வேண்டாம். 2018 கஜா புயலில் மரத்துக்கு 600, அதை வெட்டி அகற்ற 500 என்று 1,100 ரூபாய் கொடுத்தார்கள், ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில். அடிமரத்தில் சுண்ணாம்பாலோ பெயின்ட்டாலோ வரிசை எண் போட்டுவிட்டால் எண்ணிக்கைத் தகராறு வராது.

ஊருணி

80,000 ரூபாய் பற்றி. பழைய துணியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், யாராவது அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் அனுப்பப்பட்ட பழந்துணி சாலையோரம் மலையாகக் கிடந்து நனைந்து வீணாயிற்று. யாரும் அதை உடுத்தவில்லை. தேவைப்படுவது புது நைட்டி, லுங்கி, உள்ளாடை, மாதவிடாய்த் துணி அல்லது நாப்கின், போர்வை. பெண்கள் கேட்கக் கூச்சப்படும் பொருளைக் கேட்காமலேயே வாங்கி வைத்து, உங்கள் குழுவில் உள்ள பெண்கள் கையால் கொடுங்கள். 14 பேரில் பெண்கள் இல்லையென்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். மகளிர் குழுவில் நான்கு பேர் சேர்ந்தாலே பாதி விஷயம் வெளியே வரும்.

தார்பாய்க்குத் தனியாக ஒதுக்குங்கள். கூரை போன குடும்பத்துக்கு ஆறு மீட்டருக்கு நான்கு மீட்டர் அளவில் ஒன்று, கூடவே நைலான் கயிறு. கயிறு இல்லாமல் கொடுத்தால் அடுத்த காற்றில் பறந்துவிடும். முன்கூட்டியே வாங்குங்கள், புயலுக்கு மறுநாள் விலை ஏறும்.

வெளியூரில் சமைத்த பொட்டலம் வேண்டாம். காலையில் கட்டிய சாம்பார் சாதம் மதியத்துக்குள் புளித்து வயிற்றுப்போக்கில் முடியும். பள்ளிக்கூடத்திலோ புயல் பாதுகாப்பு மையத்திலோ அங்கேயே சமையுங்கள். நூறு பேருக்கு ஒரு வேளைக்கு அரிசி 12 முதல் 13 கிலோ, துவரம்பருப்பு இரண்டரை கிலோ, காய் ஐந்தாறு கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர்.

இனி தண்ணீர், இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். வெள்ளம் புகுந்த கிணற்றில் பிளீச்சிங் பவுடரை அப்படியே கைநிறைய அள்ளிப் போடுவதால் பயன் இல்லை. முதலில் மோட்டார் வைத்துக் கலங்கல் தண்ணீரை இறைத்துவிடுங்கள். ஊறி வந்த புதுத் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்கினால் கன மீட்டர் வரும். மூன்று மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 21, அதாவது 21,000 லிட்டர். 33 சதவீதம் குளோரின் உள்ள நல்ல பவுடர் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது தெளிந்த நீருக்கான அடிப்படை அளவு. இந்தக் கிணற்றுக்கு 53 கிராம்.

அதை ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோல் குழைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றிக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் அசையுங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பு கிணற்றுக்குப் போகக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து ஊராட்சித் தொட்டி இயக்குபவரிடம் உள்ள குளோரோஸ்கோப்பில் (நீரில் மிஞ்சிய குளோரினை அளக்கும் கருவி) பாருங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு முதல் முறையில் பெரும்பாலும் காட்டாது, அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். காட்டும் வரை திரும்பப் போடுங்கள். மூட்டை பிரித்து ஈரம் பட்ட பழைய பவுடரில் சத்து இருக்காது. சிறு பொட்டலமாக, இந்த ஆண்டுத் தயாரிப்பாக வாங்குங்கள்.

குளோரின் மாத்திரை கொடுத்தால் எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது அட்டைக்கு அட்டை மாறும். பாருங்கள். கலங்கல் நீரில் அது வேலை செய்யாது. துணியில் வடிகட்டி, படிகாரம் போட்டுத் தெளிய வைத்த பிறகே மாத்திரை, அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும்.

சேறு அள்ளப்போகிறவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் கொடுங்கள். காலில் வெடிப்பும் புண்ணும் இருப்பவர்களைச் சேற்றில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது. தடுப்புக்கு வாரம் ஒரு முறை தரும் டாக்சிசைக்ளினை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, அவர்கள் சொல்பவருக்கு மட்டும் கொடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதை நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

மனுப்பெட்டி

மழைக்கு முன் செய்ய வேண்டிய தாள் வேலை நிறைய இருக்கிறது, அதைச் சேர்க்கிறேன்.

குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போடுங்கள். அட்டை எண், வங்கிக் கணக்கு, ஆதாரோடு இணைந்த கைபேசி எண், வீட்டின் வகை, கால்நடை, சாகுபடி, முதியோர் உதவித்தொகை வாங்குபவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி. அசல் ஆவணங்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டின் உயரமான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டால் நகல் வாங்குவது எளிது. ஃபெஞ்சலுக்குப் பிறகு ஆவணம் இழந்தவர்களுக்குச் சிறப்பு முகாம் நடத்த அரசு உத்தரவிட்டது. அப்படி முகாம் நடந்தாலும் எண் தெரிந்தவர்களுக்கே சீக்கிரம் முடியும்.

வங்கிக் கணக்கைக் கட்டாயம் பாருங்கள். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும், நிவாரணம் அனுப்பினால் சிக்கல் வரலாம். அக்டோபரில் ஒரு நாள் எல்லோரும் நூறு ரூபாய் போட்டு எடுத்துவிட்டால் தெரிந்துவிடும்.

சூளைக் குடும்பங்களுக்கு: வேறு மாநில அட்டையாக இருந்தாலும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்கே அரிசி கிடைக்கும். தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ரொக்க நிவாரணம் உள்ளூர் அட்டைக்கு என்றாலும், மிக்ஜாமின்போது அட்டை இல்லாதவர்களும் ரேஷன் கடையில் படிவம் கொடுக்க வழி வைத்தார்கள். அப்படி அறிவிப்பு வருகிறதா என்று பார்த்து, வாடகை வீடு, சூளை உரிமையாளர் கடிதம், பிள்ளைகளின் பள்ளி அல்லது அங்கன்வாடிப் பதிவு ஆகியவற்றோடு கொடுங்கள். முகாமில் சாப்பாட்டுக்கும் மருத்துவத்துக்கும் அட்டை கேட்கக் கூடாது.

உயிரிழப்பு நேர்ந்தால், முதல் தகவல் அறிக்கையில் காரணம் சரியாகப் பதிவாக வேண்டும். ‘சுவர் இடிந்து இறந்தார்’ என்று மட்டும் இருந்தால் பேரிடர் இறப்பு இல்லை என்று நிற்கும். ‘கனமழையால் சுவர் இடிந்து’ என்று நடந்ததை முழுமையாக எழுதச் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனையும் வாரிசுச் சான்றும் வேண்டும். துக்க வீட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான். உறவினரில் ஒருவரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

பட்டியலில் பெயர் விடுபட்டால் ஊரே சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். அது ஒரு மனுவாகத்தான் பதிவாகும், பதிலும் ஒன்றே வரும். ஆளுக்கு ஒரு மனு, ஒரு பக்கம், கீழே மூன்று படங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, உங்கள் ஊரின் சேதக் கணக்கெடுப்புப் பட்டியல் நகலைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பெயர் இல்லாததும், பெயர் இருந்து வங்கி எண் தவறியதும் இரண்டு வேறு நோய்கள். நகல் வந்தால் எது என்று தெரிந்துவிடும்.

தென்பெண்ணைக்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. நோட்டுப் போடும் வேலையை இந்த வாரமே தொடங்குகிறோம். ஒரே ஒரு சந்தேகம். ஒரே குடிசையில் அப்பா அம்மாவும் கல்யாணமான மகன் குடும்பமும் இருக்கிறார்கள், அட்டை ஒன்றுதான். இப்படி ஊரில் பதினைந்து வீடு இருக்கிறது. இரண்டு குடும்பமாகக் கணக்கில் வருமா?

ஜமாபந்தி

குடிசைக்கான தொகை குடிசைக்குத்தான், ஒன்றுதான் வரும். ரொக்கமும் அட்டைக்கு ஒன்றுதான். மகன் குடும்பம் தனியாகச் சமைக்கிறது என்றால், அவர்கள் பெயரைப் பெற்றோர் அட்டையிலிருந்து நீக்கிப் புது அட்டைக்கு இப்போதே இ-சேவையில் விண்ணப்பியுங்கள். தனிச் சமையலறை இருக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்பார்கள். ஒரே வீட்டில் இருந்தாலும் அடுப்பும் சிலிண்டரும் தனியாக இருப்பதைக் காட்ட வேண்டும். புயல் அறிவிப்பு வந்த பிறகு போட்டால் அந்த முறைக்கு உதவாது, ஆகவே இந்தப் பதினைந்து வீட்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் வையுங்கள்.